சாக்கடல் சுருள்கள் வேதாகமத்தை நிரூபித்தனவா, மறுத்தனவா?

2025 ஜூன் மாதம் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழங்கால யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களின் வயதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுருள்களில் பல, இதுவரை கணித்ததைவிடப் பழையவையாக இருக்கலாம் என்பது அதன் சாரம். இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் அதை இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ‘வேதாகமம் உண்மை என்று அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று ஒரு தரப்பு சொல்லும். அதே சுருள்களில் இன்றைய வேதாகமத்தோடு ஒத்துப்போகாத வரிகளை எடுத்துக் காட்டி, ‘பார்த்தீர்களா, இது திருத்தப்பட்ட நூல்’ என்று மற்றத் தரப்பு சொல்லும். நடுவில் நிற்கும் வாசகருக்குக் குழப்பமே மிச்சம்.

சுருள்களில் உள்ளதை நிதானமாகப் பார்த்தால் இரண்டு கூற்றும் நிற்காது. அங்கே இருப்பது இரண்டையும்விடச் சுவையான ஒரு வரலாறு.

## முதலில் இரண்டு கேள்விகளைப் பிரிப்போம்

ஒரு வேதநூல் நம்பத் தகுந்ததா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. அன்று எழுதப்பட்டது சிதையாமல் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறதா?
2. அன்று எழுதப்பட்டது உண்மையா?

சுவடிகள் பதில் சொல்லக்கூடியது முதல் கேள்விக்கு மட்டுமே. இரண்டாவதை வரலாறும் தொல்லியலும் ஓரளவு தொடலாம். அதற்கு அப்பால் அது விசுவாசத்தின் எல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஒருவர் ஏசாயா நூலைப் பிழையில்லாமல் பிரதி எடுத்தார் என்பதால் ஏசாயா கண்ட தரிசனம் மெய்யென்று ஆகிவிடாது. அவர் ஒரு சொல்லை விட்டுவிட்டார் என்பதால் அது பொய்யென்றும் ஆகிவிடாது. இந்த எல்லைக்கோட்டைத் தாண்டியே பெரும்பாலான தலைப்புச் செய்திகள் எழுதப்படுகின்றன.

## பிரதியும் பாடபேதமும்

வேதாகமத்தின் எந்த நூலுக்கும் ஆசிரியர் கையால் எழுதிய மூலப்பிரதி இன்று இல்லை. பழங்கால நூல்கள் அனைத்துக்கும் பொதுவான நிலை இது. தோலும் பாப்பிரஸ் தாளும் மக்கிப்போகும். மக்குவதற்குள் யாராவது பார்த்து எழுதி வைத்தால்தான் நூல் பிழைக்கும். நம்மிடம் இருப்பவை பிரதிகளின் பிரதிகள். ஒரு நூலின் வாசகம் ஒரு பிரதியில் உள்ள வடிவத்தைப் பாடம் என்றும், இரண்டு பிரதிகள் ஓரிடத்தில் வேறுபட்டால் அதைப் பாடபேதம் என்றும் சொல்கிறோம். பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டு, எது முந்தையது என்று ஆராய்ந்து முடிவு செய்வார்கள்.

பழைய ஏற்பாட்டைப் பொறுத்தவரை மூன்று சாட்சிகளை வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

மசோரெத் பாடம்: இன்றைய எபிரேய வேதாகமத்தின் அடிப்படை. கலிலேயாக் கடலோரம் உள்ள திபேரியாவில், ஏறத்தாழ கி.பி. 6 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை உழைத்த மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள், மெய்யெழுத்துகளாலேயே எழுதப்பட்டிருந்த இதற்கு உயிர்க்குறிகள் இட்டு, ஓரக்குறிப்புகள் எழுதிப் பாதுகாத்தார்கள். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, மோசேயின் ஐந்நூலின் நடு எழுத்து எது என்பதுவரை அவர்களுடைய மரபு எண்ணி வைத்திருக்கிறது.

எழுபதின்மர் மொழிபெயர்ப்பு: கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு. சில நூல்களில் இது மசோரெத் பாடத்தோடு கணிசமாக வேறுபடுகிறது.

சமாரிய ஐந்நூல்: சமாரியர்கள் தனியே காத்துவந்த மோசேயின் ஐந்து ஆகமங்கள்.

## 1947க்கு முன்பு

முழுமையாகக் கிடைத்துள்ள எபிரேய வேதாகமச் சுவடிகளில் மிகப் பழையது லெனின்கிராட் சுவடி. அது எழுதப்பட்டது கி.பி. 1008இல். இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கிறது. அதைவிடப் பழைய அலெப்போ சுவடி ஏறத்தாழ கி.பி. 930ஐச் சேர்ந்தது, 1947 டிசம்பரில் அலெப்போ நகரின் யூத ஜெப ஆலயம் கலவரத்தில் எரிந்தபின், அதன் ஏடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு இல்லாமல் போயிற்று.

ஏசாயா தீர்க்கதரிசி வாழ்ந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டில். அவர் பெயரால் வழங்கும் நூலின் மிகப் பழைய எபிரேயப் பிரதிகளோ பத்தாம் நூற்றாண்டை ஒட்டியவை. இடையில் 1,600 ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதற்குள் என்ன நடந்ததென்று யாருக்குத் தெரியும் என்று ஐயப்பட்டவர்களுக்குச் சரியான பதில் அப்போது எவரிடமும் இல்லை. கிரேக்கம் வேறுபடும் இடங்களில், மொழிபெயர்த்தவர்தாம் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார் என்று பல அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1947இல் சாக்கடலின் வடமேற்குக் கரையில், கும்ரான் பாழிடத்துக்கு அருகே ஒரு குகையில் ஆடு மேய்க்கும் பெதுயீன் என்ற நாடோடி இன இளைஞர்கள் மண்சாடிகளுக்குள் தோற்சுருள்களைக் கண்டெடுத்தார்கள். 1956 வரை மொத்தம் 11 குகைகளில் சுவடிகள் அகப்பட்டன. 1952இல் கண்டறியப்பட்ட நான்காம் குகையில் மட்டும் ஆயிரக்கணக்கான துண்டுகள், பெரும்பாலும் விரல் அகலமே உள்ளவை. எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்ததில் 900க்கு மேற்பட்ட சுவடிகள் தெரியவந்தன. அவற்றில் 200க்கு மேற்பட்டவை வேதாகம நூல்கள். எஸ்தர் நீங்கலாக எபிரேய வேதாகமத்தின் எல்லா நூல்களிலிருந்தும் ஏதேனும் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது. அவை ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. முதல் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. ஒரே வீச்சில் ஆயிரம் ஆண்டு பின்னுக்குப் போக வழி கிடைத்துவிட்டது.

## ஏசாயா சுருளில் ஒரு பத்தி

முதல் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளுக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது. 17 தோல்களைச் சேர்த்துத் தைத்த 7.34 மீட்டர் நீளம், 54 பத்திகள், ஏசாயாவின் 66 அதிகாரங்களும் அதில் இருக்கின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பரவலான கணிப்பு. அதை லெனின்கிராட் சுவடியோடு வைத்துப் பார்த்தபோது, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியிலும் நூல் அதே நூலாகவே இருந்தது. அதே அதிகாரங்கள், அதே வரிசை, அதே செய்தி.

ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல், இலக்கண வடிவம் போன்றவை, பொருள் மாறாது. சில இடங்கள் கண்ணில் படும். ‘சேனைகளின் கர்த்தர் பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’ என்று தமிழ்த் திருச்சபைகள் பாடும் ஏசாயா 6:3இல், இந்தச் சுருளில் ‘பரிசுத்தர்’ இரண்டு முறைதான் இருக்கிறது. 53:11இல் மசோரெத் பாடத்தில் இல்லாத ‘ஒளி’ என்ற சொல் இருக்கிறது. கும்ரானின் வேறு இரண்டு ஏசாயா சுவடிகளும் கிரேக்கமும் அதையே சொல்வதால், இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் அதை ஏற்கிறார்கள்.

பிரதி எடுப்பது என்றால் என்னவென்று பார்க்க 40ஆம் அதிகாரத்துக்குப் போகவேண்டும். ‘புல் உலர்ந்து பூ உதிரும்’ என்ற தொடர் அங்கே 7ஆம் வசனத்திலும் 8ஆம் வசனத்திலும் இருமுறை வருகிறது. சுருளை எழுதியவர் முதல் தொடரை எழுதிவிட்டு, இரண்டாவதற்குப் பின் வரும் ‘நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்’ என்ற பகுதிக்கு நேராகப் போய்விட்டார். இடைப்பட்ட சொற்கள் இல்லை. பின்னால் வேறொருவர் அதைக் கவனித்து, விடுபட்டதை வரிக்கு மேலே நெருக்கி எழுதினார். இடம் போதாமல் இடப்பக்க ஓரத்தில் கீழ்நோக்கித் தொடர்ந்தார். இறைவனின் பெயர் வரவேண்டிய இடத்தில் பெயரை எழுதாமல் பயபக்தியோடு நான்கு புள்ளிகள் மட்டும் வைத்தார். 2,000 ஆண்டுக்கு முந்தைய பிழையும் திருத்தமும் ஒரே தோலில் நம் கண்முன் இருக்கின்றன.

கண் தாவியதால் வந்த பிழை என்று சொல்லி முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே சொற்கள் இல்லை. அப்படியானால் குறுகிய வடிவமே பழையது, மற்றவை பின்னால் வந்த விளக்கமோ? சில அறிஞர்கள் அப்படிக் கருதுகிறார்கள். ஒரு பிழை எங்கே தொடங்கியது என்பதைக்கூட ஒரு சுவடியை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது என்பதற்கு இந்தப் பத்தியே போதும்.

## எரேமியாவின் இரண்டு வடிவங்கள்

ஏசாயா சுருளோடு கதையை முடித்துக்கொள்பவர்கள் ‘மாறவேயில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். கனமான விஷயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

எரேமியா நூலின் கிரேக்க மொழிபெயர்ப்பு, மசோரெத் பாடத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவானது. அதிகார வரிசையும் வேறு. அயல் நாடுகளைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள் எபிரேயத்தில் நூலின் கடைசியில் வரும். கிரேக்கத்தில் நடுவிலேயே வந்துவிடும். மொழிபெயர்த்தவர் வெட்டிச் சுருக்கினார் என்ற பழைய விளக்கம் நான்காம் குகையில் உடைந்தது. அங்கே கிடைத்த எரேமியா துண்டுகளில் சில மசோரெத் பாடத்தை ஒத்திருந்தன. ஒன்றோ எபிரேயத்திலேயே அந்தக் குறுகிய வடிவத்தை ஒத்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் தம் முன்னே இருந்ததை நேர்மையாகவே மொழிபெயர்த்திருக்கிறார். எரேமியா நூல் இரண்டு பதிப்புகளாக ஒரே காலத்தில் வழங்கியிருக்கிறது; இரண்டும் ஒரே குகையில் சேமிக்கப்பட்டிருந்தன.

நூலே இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது. 36ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் அரசன் எரேமியாவின் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்துத் தீயில் போடுகிறான். எரேமியாவின் எழுத்தரான பாருக்கு அதை மறுபடி எழுதுகிறார். அதே வகையான இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரம் முடிகிறது. நூல் வளர்ந்தது என்பதை நூலே மறைக்கவில்லை. இன்று எரேமியாவைப் பற்றி ‘மூலப்பிரதி எது’ என்று கேட்டால், அந்தக் கேள்வியையே திருத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. இயற்றும் காலம் முடிந்தது, படியெடுக்கும் காலம் தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன.

## கோலியாத்தின் உயரமும் காணாமல்போன பத்தியும்

சாமுவேல் நூலில் மசோரெத் பாடம் பல இடங்களில் சிதைந்திருக்கிறது என்பது அறிஞர்களுக்கு முன்பே தெரியும். நான்காம் குகையின் சாமுவேல் சுவடி இரண்டு இடங்களில் நேரடியாகப் பேசுகிறது.

முதலாவது, 1 சாமுவேல் 17:4. தமிழ் வேதாகமத்தில் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறத்தாழ 2.9 மீட்டர். கும்ரான் சுவடியிலும் பழைய கிரேக்கச் சுவடிகளிலும் நான்கு முழமும் ஒரு சாணும். ஏறத்தாழ 2 மீட்டர். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் நான்கு முழம் என்றே எழுதியிருக்கிறார். நெடிய போர்வீரன் ஒருவன் கதை கைமாறும்போது மேலும் வளர்ந்தான் என்று நம்புவது எளிது. குறைந்தான் என்று நம்புவதற்குக் காரணம் வேண்டும். நான்கு முழமே பழைய பாடம் என்று பலர் கருதுவது அதனால்தான்.

இரண்டாவது, 11ஆம் அதிகாரத்தின் தொடக்கம். மசோரெத் பாடத்தில் அம்மோனியனாகிய நாகாஸ் எந்த அறிமுகமும் இல்லாமல் திடீரென வந்து யாபேஸ் நகரை முற்றுகையிட்டு, எல்லாருடைய வலக்கண்ணையும் பிடுங்குவேன் என்கிறான். ஏன் கண்ணைக் கேட்கிறான்? கும்ரான் சுவடியில் அதற்கு முன் ஒரு முழுப் பத்தி இருக்கிறது. அவன் காத், ரூபன் கோத்திரத்தாரை ஒடுக்கி அவர்களுடைய வலக்கண்களைப் பிடுங்கினான், 7,000 பேர் தப்பி யாபேசுக்கு ஓடினார்கள் என்று அது சொல்கிறது. ஜோசிபஸின் நூலிலும் இந்தச் செய்தியின் சாயல் தெரிகிறது. சில நவீன ஆங்கில மொழிபெயர்ப்புகள் இந்தப் பத்தியை அடிக்குறிப்பாக அல்லாமல் நூலுக்குள்ளேயே சேர்த்துவிட்டன. பின்னால் யாரோ எழுதிச் சேர்த்த விளக்கம் என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள்.

சங்கீதம் 145ஐயும் சொல்ல வேண்டும். அது நம் ஆத்திசூடியைப் போல எழுத்து வரிசையில் அமைந்த பாடல்; ஒவ்வொரு வசனமும் எபிரேய அகரவரிசையின் அடுத்த எழுத்தில் தொடங்கும். மசோரெத் பாடத்தில் ‘நூன்’ என்ற எழுத்துக்குரிய வசனம் மட்டும் இல்லை. 1956இல் பதினொன்றாம் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளில் அந்த வசனம் இருக்கிறது; கிரேக்கமும் அதை வைத்திருக்கிறது. ஆனால் அதன் பிற்பாதி 17ஆம் வசனத்தோடு அப்படியே ஒத்திருப்பதால், இடைவெளியைக் கண்ட ஒருவர் நிரப்பியதாகவும் இருக்கலாம்.

உபாகமம் 32:8 இன்னும் நுட்பமானது. உன்னதமானவர் ஜாதிகளின் எல்லைகளை ‘இஸ்ரவேல் புத்திரருடைய’ தொகைக்குத் தக்கதாக வகுத்தார் என்கிறது மசோரெத் பாடம். கும்ரான் துண்டு ஒன்று ‘தேவ புத்திரர்’ என்கிறது. ஒரே கடவுள் கொள்கைக்கு இடைஞ்சலாகத் தோன்றியதால் ஒருவர் அதை மாற்றியிருக்கக்கூடும் என்பது பெரும்பாலோர் முடிவு. கைப்பிழையோடு கருத்துச் சார்ந்த மாற்றமும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

## பாடம் எப்போது ஒன்றானது?

கும்ரான் காட்டும் பன்மை என்றென்றும் நீடிக்கவில்லை. மசாதா கோட்டையிலும், வாடி முராபாத் போன்ற யூதேயப் பாலைவனக் குகைகளிலும் கிடைத்த கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுச் சுவடிகள் மசோரெத் பாடத்தோடு ஏறத்தாழ முழுக்க ஒத்துப்போகின்றன. சாக்கடலின் மேற்குக் கரையில் என்கேதியில் 1970இல் கருகிப்போன ஒரு சுருள் கிடைத்தது. தொட்டால் உதிரும் நிலை. 2015இல் அதை விரிக்காமலே, முப்பரிமாண ஊடுகதிர்ப் படங்களை வைத்துக் கணினியில் விரித்தார்கள். லேவியராகமத்தின் தொடக்கம் தெரிந்தது. மெய்யெழுத்துகள் மசோரெத் பாடத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தின. அதன் காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு என்று கார்பன் சோதனை சொல்கிறது.

ஆகவே கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒரு பாடம் நிலைபெற்றது. அதன்பின் அது வியக்கத்தக்க கவனத்தோடு காக்கப்பட்டது. அதற்கு முன் ஒரே நூலுக்குப் பல வடிவங்கள் அருகருகே வாழ்ந்தன. ‘மாறவே இல்லை’ என்பவர் பிற்பாதியை மட்டும் பார்க்கிறார். ‘மாறிக்கொண்டே இருந்தது’ என்பவர் முற்பாதியை மட்டும் பார்க்கிறார்.

கும்ரானுக்கும் முன்னால்? ஏறத்தாழ ஒன்றுமில்லை. எருசலேமின் கேதேப் இன்னோம் கல்லறையில் 1979இல் கிடைத்த இரண்டு சிறு வெள்ளித் தகடுகளில் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசீர்வாதத்தை ஒத்த வரிகள் கீறப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ கி.மு. 600ஐச் சேர்ந்தவை. அவை வெள்ளித் தாயத்துகள், நூற்சுவடி அல்ல. ஏசாயா வாழ்ந்த காலத்துக்கும் ஏசாயா சுருளுக்கும் நடுவே உள்ள 600 ஆண்டுகள் இன்னும் இருட்டில்தான் இருக்கின்றன.

## புதிய ஏற்பாடு: நேர்மாறான சிக்கல்

பழைய ஏற்பாட்டில் பழைய சுவடிகள் குறைவு. புதிய ஏற்பாட்டிலோ கிரேக்கச் சுவடிகள் மட்டும் 5,000க்கு மேல். 1707இல் ஜான் மில் என்ற ஆங்கில அறிஞர், ஏறத்தாழ 100 சுவடிகளை ஒப்பிட்டு 30,000 பாடபேதங்களைத் தொகுத்து வெளியிட்டபோது பலர் அதிர்ந்தார்கள். இன்று, வெறும் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை விட்டுவிட்டாலே 5 லட்சத்தை ஒட்டி இருக்கும் என்கிறது ஒரு மதிப்பீடு. நூலில் உள்ள சொற்களைவிடப் பாடபேதங்கள் அதிகம்! எண்ணைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. சுவடி கூடக் கூடப் பேதமும் கூடும். ஒப்பிட்டுத் திருத்தும் வசதியும் அதே அளவுக்குக் கூடும். ஒரே ஒரு பிரதி எஞ்சிய நூலில் பாடபேதமே இருக்காது. அங்கே பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

பெரும்பாலானவை பொருளைத் தொடாதவை. மூன்று இடங்களைச் சொல்லியே ஆகவேண்டும்.

1. மாற்கு 16:9-20. நான்காம் நூற்றாண்டின் இரு பெரும் சுவடிகளான சீனாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் 16:8இல், பெண்கள் பயந்து ஓடுவதோடு நூலை முடிக்கின்றன. ஆனால் கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய இரனேயு என்ற திருச்சபைத் தந்தை 19ஆம் வசனத்தை மேற்கோள் காட்டுகிறார். ஆகவே நீண்ட முடிவு பழையது. எனினும் மாற்குவின் கையிலிருந்து வந்ததல்ல என்பதே பெரும்பாலோர் கருத்து.

2. யோவான் 7:53-8:11. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. மிகப் பழைய பாப்பிரஸ் சுவடிகளிலும் மேற்சொன்ன இரு சுவடிகளிலும் இல்லை. சில சுவடிகளில் இது லூக்காவின் 21ஆம் அதிகாரத்துக்குப் பின் வருகிறது. தனியே உலவிய ஒரு பழைய மரபு, இடம் தேடி வந்து சேர்ந்திருக்கிறது.

3. 1 யோவான் 5:7. ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்ற வரி. லத்தீன் மரபில் வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய கிரேக்கச் சுவடி எதிலும் நூலின் வரியாக இது இல்லை. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் அச்சிட்ட டச்சு அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் 1522 பதிப்பில் சேர்த்தார். அந்த அச்சுமரபு ஐரோப்பிய மொழிபெயர்ப்புகளின் வழியே உலகெங்கும் போயிற்று.

தமிழ் வாசகருக்கு அடிக்கடி வரும் ஐயம் இங்கேதான் பிறக்கிறது. நெடுநாளாகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7இல் இந்த வரி இருக்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் நூலின் வரியாக இல்லை. ‘வசனத்தை நீக்கிவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு எழுவது இதனால். உண்மையில் யாரும் எதையும் வெட்டவில்லை. பழையது, எராஸ்மஸ் வழிவந்த அச்சுப் பாடத்தைப் பின்பற்றியது; புதியது, பின்னர் வெளிச்சத்துக்கு வந்த பழைய சுவடிகளைக் கணக்கில் எடுத்தது. மூவொரு கடவுள் கொள்கை இந்த ஒரு வரியை நம்பி எழுந்ததும் அல்ல. 4ஆம் நூற்றாண்டில் அந்தக் கொள்கைக்காகக் கிரேக்கத்தில் வாதாடியவர்கள் இந்த வரியை எடுத்தாளவே இல்லை.

## எது முந்தையது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

தலைகளை எண்ணி முடிவு செய்வதில்லை. ஒரு பிழையான பிரதியிலிருந்து ஆயிரம் பிரதிகள் எழுந்திருந்தால் அவை ஆயிரமும் ஒரே சாட்சிதான். பொதுவாகக் கேட்கும் கேள்விகள் இவை:

1. எந்தப் பாடம் மற்றப் பாடங்கள் எப்படித் தோன்றின என்பதை விளக்குகிறது? கோலியாத்தின் நான்கு முழம் ஆறானதை விளக்குவது எளிது என்பது இந்த வகை.
2. எது கரடுமுரடானது? படியெடுப்பவர் கடினமானதை எளிதாக்குவார். எளிதைக் கடினமாக்குவது அரிது.
3. சாட்சிகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையா, தனித்தனியே வந்தவையா? கும்ரான் எபிரேயமும் எகிப்தின் கிரேக்கமும் ஒரே சொல்லைச் சொன்னால் அதன் கனம் பெரிது.

இவை இயந்திரச் சூத்திரங்கள் அல்ல. ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களும் வரும். அங்கே அறிஞரின் பழகிய கண்தான் தீர்ப்புச் சொல்லும். இரண்டு நேர்மையான அறிஞர்கள் இரண்டு தீர்ப்புகளுக்கு வருவதும் அதனால்தான்.

## மறுபடி 2025இன் செய்திக்கு

சுவடியின் வயதை இரண்டு வழிகளில் கணிக்கிறார்கள். ஒன்று, எழுத்தின் வடிவத்தைக் காலம் தெரிந்த எழுத்துகளோடு ஒப்பிடுவது. மற்றது கார்பன் சோதனை. அது சொல்வது தோலுக்குரிய விலங்கு இறந்த காலத்தை, எழுதிய நாளை அல்ல. 1950களில் மங்கிய எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று துண்டுகளில் விளக்கெண்ணெய் தடவியிருந்தார்கள். அது சோதனை முடிவைப் பிறழச் செய்யும். குரோனிங்கன் குழு எண்ணெயை வேதியியல் முறையில் அகற்றி, புதிதாகக் கார்பன் சோதனை செய்தது. அப்படிக் காலம் கணித்த 24 சுவடிகளின் எழுத்து வடிவங்களைக் கணினிக்குப் பயிற்சியாகக் கொடுத்து, மற்றவற்றின் வயதைக் கணிக்க வைத்தது. அந்த நிரலுக்கு ஆதியாகமத்தில் வரும் ஏனோக்கின் பெயரை வைத்தார்கள்.

அதிகம் பேசப்பட்ட முடிவு தானியேல் நூலின் ஒரு துண்டைப் பற்றியது: கி.மு. 230 முதல் 160க்குள். தானியேல் நூலின் பிற்பகுதி, யூதர்களை ஆண்ட கிரேக்க வழி அரசன் அந்தியோகஸின் ஒடுக்குமுறைக் காலமான கி.மு. 160களில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியானால் இது நூல் இயற்றப்பட்ட தலைமுறையிலேயே எழுந்த பிரதி; வேதாகமச் சுவடிகளில் மிக அரிதான நெருக்கம். நூல் அதற்கு வெகுமுன்பே எழுதப்பட்டது என்று கருதுவோருக்கும் இந்தக் கால எல்லையின் முன்பகுதி இடம் கொடுக்கிறது. ஆக, விவாதம் முடியவில்லை. சாட்சி ஒன்று கூடியிருக்கிறது.

இத்தகைய அடுத்த செய்தி வரும்போது மூன்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. சொல்லப்படுவது நூலின் வயதா, பிரதியின் வயதா? பெரும்பாலும் பிரதியினுடையது.

2. கணிப்பு முறையாக வெளியிடப்பட்டதா? மாற்கு நற்செய்தியின் முதல் நூற்றாண்டுத் துண்டு கிடைத்துவிட்டது என்று 2012இல் பேச்சு எழுந்தது. 2018இல் அந்தத் துண்டு முறையாக வெளியானபோது, அது இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று தெரிந்தது. அப்போதும் அது அரிய சுவடிதான். ஆனால் சொல்லப்பட்ட பொருள் அது அல்ல.

3. எங்கே கிடைத்தது? அகழாய்வில் எடுத்ததற்கும் சந்தையில் வாங்கியதற்கும் வேறுபாடு பெரிது. வாஷிங்டனில் உள்ள வேதாகம அருங்காட்சியகம் சாக்கடல் சுருள்கள் என்று வைத்திருந்த 16 துண்டுகளும் போலி என்று 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. தோல் பழையதுதான், எழுத்து மட்டும் நம் காலத்தது. அதனால்தான் கார்பன் சோதனை தனியாக எந்தத் துண்டையும் காப்பாற்றாது. மை தோலின் விரிசலுக்குள் வழிந்து இறங்கியிருக்கிறதா என்பதை நுண்ணோக்கியில் பார்த்தே அந்தப் போலிகளைக் கண்டுபிடித்தார்கள்.